டே கேர் ஃபீஸை யார் சம்பளத்துல கழிக்கிறீங்க? சென்னையில புதுசா அப்பா அம்மா ஆனவங்களுக்கு ஒரு கணக்கு

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை வேளச்சேரியில இருந்து ஒரு ஜோடி என்னைப் பார்க்க வந்தாங்க. கையில நாலரை மாசக் குழந்தை. அந்தப் பொண்ணுக்கு மேட்டர்னிட்டி லீவ் முடிய இன்னும் 3 வாரம்தான் இருந்துச்சு. வேலைக்குத் திரும்பப் போறதா, பேப்பர் போடறதா? அதுதான் கேள்வி.

அந்தத் தம்பி ஒரு நோட்டுல கணக்கு எழுதிட்டே வந்திருந்தார்.

மனைவி கைக்கு வர்ற சம்பளம்: 42,000
டே கேர்: 13,000
ஆபீஸ் போக வர ஆட்டோ, கேப்: 5,000
சமையலுக்கு ஆள்: 4,000
வெளிச் சாப்பாடு: 3,000
மிச்சம்: 17,000

"17,000 ரூபாய்க்காக இவ்வளவு சின்னக் குழந்தையை விட்டுட்டுப் போகணுமா மேடம்?"னு கேட்டார். அவர் மேல தப்பே சொல்ல மாட்டேன், அக்கறையில வந்த கேள்விதான். என் பையன் பிறந்தப்போ ஒரு சிஏ ஆன நானே எக்செல்ல இதே கணக்கைத்தான் போட்டேன். இதே இடத்துலதான் நானும் தப்பு பண்ணினேன்.

முதல் தப்பு: செலவு எந்தப் பக்கம் போகுது?

நோட்டைத் திருப்பி அந்தப் பொண்ணுகிட்ட காட்டி, "இதுல என்ன தெரியுது?"னு கேட்டேன். கொஞ்ச நேரம் பார்த்துட்டு, "எல்லாச் செலவும் என் பேருக்குக் கீழதான் இருக்கு மேடம்"னு சொன்னா.

அதேதான். குழந்தை ரெண்டு பேருக்கும் பொது. டே கேர் இருக்கறதாலதான் அந்தத் தம்பியும் நிம்மதியா ஆபீஸ் போக முடியுது. அவர் சம்பளம் 68,000. ரெண்டையும் சேர்த்தா குடும்ப வருமானம் 1,10,000. அதுல 13,000-ன்னா சுமார் 12 சதவீதம். வீட்டு வாடகையை நாம மனைவி சம்பளத்துல மட்டும் கழிக்கறதில்லையே? டே கேரும் அப்படித்தான்.

ரெண்டாவது தப்பு: கைக்கு வர்றது மட்டும் சம்பளம் இல்லை

அடுத்து பே ஸ்லிப்பை எடுக்கச் சொன்னேன். பேசிக் 24,000. அதுல 12 சதவீதம், அதாவது 2,880 அவங்க பங்கா பிஎஃப் பிடிக்கறாங்க. கம்பெனியும் இன்னொரு 2,880 போடுது. மாசம் 5,760. கம்பெனி பங்குல ஒரு பகுதி பென்ஷன் கணக்குக்குப் போகும், ஆனா எல்லாமே அவங்க பேர்லதான் சேருது. 3 வருஷம் வேலையில இல்லைன்னா சேராம போற தொகை, வட்டி இல்லாமலேயே 2,07,360 ரூபாய்.

அடுத்தது கிராஜுவிட்டி. நிரந்தரப் பணியில இருக்கறவங்க வேலையை விடும்போது இது கிடைக்கணும்னா பொதுவா 5 வருஷத் தொடர் சர்வீஸ் வேணும். இந்தப் பொண்ணுக்கு 4 வருஷம் 3 மாசம் ஆகியிருந்துச்சு. மேட்டர்னிட்டி லீவும் சர்வீஸ்லதான் சேரும், அதனால இன்னும் 9 மாசம் போதும். 5 வருஷம் முடிஞ்சா 24,000 × 15 ÷ 26 × 5, சுமார் 69,230 ரூபாய். இன்னைக்கு ராஜினாமா பண்ணினா பூஜ்யம்.

மூணாவது, ஆபீஸ் மெடிக்கல் இன்ஷூரன்ஸ். பல குரூப் பாலிசியில குழந்தையையும் சேர்க்கலாம். அதுக்குக் கெடு இருக்கும், அதனால பிறந்த உடனேயே எச்ஆருக்கு மெயில் போட்டுடுங்க. இவங்க குழந்தை அந்தப் பொண்ணோட பாலிசியில இருந்துச்சு. அந்தத் தம்பியோட ஆபீஸ்ல கவரே இல்லை. வேலையை விட்டா குழந்தைக்கும் கவர் போயிடும்ங்கறது அவங்க யோசிக்கவே யோசிக்காத விஷயம்.

நாலாவது, இன்க்ரிமென்ட். வருஷம் 7 சதவீதம்னு வெச்சுக்கோங்க (இது என் அனுமானம்தான்). 42,000 மூணு வருஷத்துல சுமார் 51,450 ஆகும். இடைவெளி விட்டுத் திரும்பி வர்றவங்களுக்குப் பழைய சம்பளம் கிடைக்கறதே பல நேரம் கஷ்டமா இருக்கு. பெரிய டே கேர் செலவு மூணு நாலு வருஷம்தான். இந்தச் சம்பள வித்தியாசம் அதுக்கப்புறமும் கூடவே வரும்.

சரி, செலவைக் குறைக்க ஊருக்குள்ள என்ன இருக்கு?

*1. ஆபீஸ் குழந்தைகள் காப்பகம்.* 2017 மகப்பேறு சட்டத் திருத்தப்படி 50 பேர் அல்லது அதுக்கு மேல வேலை பார்க்கற நிறுவனங்கள் காப்பக வசதி தரணும். வேலை நேரத்துல அம்மா ஒரு நாளைக்கு 4 தடவை போய்க் குழந்தையைப் பார்த்துட்டு வரலாம். 2020 சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்புலயும் இது இருக்கு. ஆபீஸ்லயே காப்பகம் இருக்கணும்னு அவசியமில்லை, நாலு கம்பெனி சேர்ந்து பொதுவா நடத்தினாலும் சரி. கேன்டீன்ல வாய்மொழியா கேட்காதீங்க, எச்ஆருக்கு மெயில்ல கேளுங்க. இந்தப் பொண்ணு வேலை பார்க்கற ஓஎம்ஆர் கம்பெனியில 300 பேர் இருக்காங்க. அதுவரை யாரும் எழுத்துல கேட்டதே இல்லையாம்.

*2. அங்கன்வாடி.* "அது நமக்கு இல்ல மேடம்"னு பல பேர் தயங்கறாங்க. ஏன்? நம்ம வரிப் பணத்துல நடக்கறதுதானே. 1975-ல ஆரம்பிச்ச ஐசிடிஎஸ் திட்டம் இது. தமிழ்நாட்டுல 54,000-க்கும் மேல மையங்கள் இருக்கு, சென்னையில வார்டுக்குள்ளயே கிடைக்கும். 6 மாசத்துல இருந்து சத்துமாவு, 2 வயசுக்கு மேல மதியச் சாப்பாடு, முட்டை, விளையாட்டோட முன்பருவக் கல்வி, எடை உயரம் பார்க்கறது எல்லாம் இலவசம். முழு ஆபீஸ் நேரத்துக்கு அது பத்தாதுங்கறது உண்மைதான். ஆனா வீட்டுல தாத்தா பாட்டி இருந்தா, காலையில அங்கன்வாடி, மதியத்துக்கு மேல வீடுன்னு பிரிச்சுக்கலாம். மத்திய அரசோட பால்னா திட்டத்துல சில அங்கன்வாடிகள் காப்பகமாவும் நடக்குது, 6 மாசத்துல இருந்து 6 வயசு வரைக்கும். உங்க ஏரியாவுல இருக்கான்னு அங்கன்வாடி டீச்சர்கிட்டயே கேளுங்க.

*3. தடுப்பூசி.* மாநகராட்சியோட நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்துல பிசிஜி, போலியோ, பென்டாவேலன்ட், ரோட்டா, நிமோகாக்கல், தட்டம்மை-ரூபெல்லா எல்லாம் இலவசம். தமிழ்நாட்டுல வழக்கமா புதன்கிழமை தடுப்பூசி நாள். ஃப்ளூ, சின்னம்மை, ஹெபடைட்டிஸ் ஏ மாதிரி சிலது இந்தப் பட்டியல்ல வராது. அதை மட்டும் உங்க குழந்தை டாக்டர்கிட்ட பேசி வெளியில போட்டுக்கலாம். ரெண்டு இடத்துல போட்டாலும் கார்டு ஒண்ணா இருக்கட்டும்.

*4. அக்கம்பக்கம்.* ஒரே அபார்ட்மென்ட்ல ரெண்டு குடும்பம் சேர்ந்து குழந்தையைப் பார்த்துக்க ஒரு அக்காவை வெச்சுக்கலாம். 18,000 சம்பளம்னா ஆளுக்கு 9,000. யார் வீட்டுல, லீவ் போட்டா யார் பார்க்கறது, ஒரு குழந்தைக்குக் காய்ச்சல்னா என்ன பண்றதுன்னு முதல் நாளே பேசி எழுதி வெச்சுடுங்க. அந்த அக்காவுக்கு வாரத்துல ஒரு நாள் லீவும், தீபாவளி போனஸும் சேர்த்துத்தான் கணக்கு போடணும்.

சனி, ஞாயிறுக்கு மால்ல காசு கரைக்க வேண்டாம். கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்துல குழந்தைகளுக்குன்னே தனிப் பிரிவு இருக்கு. இல்லைன்னா தெருமுனை மாநகராட்சிப் பூங்கா. நல்ல டே கேர் எது, எந்த டாக்டர் பொறுமையா பேசுவார்ங்கற தகவல் எனக்குக் கிடைச்சது கூகுள்ல இல்லை, அந்தப் பூங்கா பெஞ்சுலதான்.

*5. உங்க வீட்டுல வேலை செய்யறவங்களுக்காக ஒண்ணு.* டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்துல, தகுதியுள்ள ஏழைக் குடும்பத்துப் பெண்களுக்கு முதல் ரெண்டு பிரசவத்துக்கு 18,000 ரூபாய் மதிப்புள்ள உதவி கிடைக்கும். 14,000 பணமா, மிச்சம் ரெண்டு ஊட்டச்சத்துப் பெட்டகமா. கர்ப்பம்னு தெரிஞ்ச உடனே, 12 வாரத்துக்குள்ள ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிவு பண்ணணும். நம்ம குழந்தையைப் பார்த்துக்கற அக்காவோட மகள் மாசமா இருக்கலாம். ஒரு வார்த்தை சொல்லிடுங்க.

"அம்மா வந்து பார்த்துக்குவாங்க, செலவே இல்ல"

இதையும் அந்தத் தம்பி சொன்னார். அம்மா திருநெல்வேலியில இருக்காங்க, 61 வயசு, சுகர் இருக்கு. ரயில் டிக்கெட், மாத்திரை, அவங்களுக்கு ஒரு மெடிக்கல் பாலிசி, ஊர்ல தனியா இருக்கற அப்பாவோட சாப்பாடு, இதெல்லாம் எந்தக் கணக்குல வரும்? அம்மாவைக் கூப்பிடறது தப்பே இல்லை. ஆனா அவங்க இலவசம்னு எழுதாதீங்க. மாசம் 5,000 அவங்க அக்கவுன்ட்ல போடுங்க. பாசத்துக்குக் கூலியான்னு கேட்டா, இல்லை. அவங்க கையில அவங்க காசு இருக்கணும், அவ்வளவுதான்.

டே கேர் சேர்க்கறதுக்கு முன்னாடி

நான் ஒரு டே கேர்ல 15,000 அட்வான்ஸ் கட்டி, ரெண்டு மாசத்துல மாத்தினப்போ ஒரு ரூபாய் திரும்ப வரலை. ரசீதுல "திருப்பித் தரப்படும்"னு ஒரு வரி இல்லை, அவ்வளவுதான் விஷயம். அதனால அட்வான்ஸ் எப்போ திரும்ப வரும், லேட்டா கூட்டிட்டுப் போனா மணிக்கு எவ்வளவு, குழந்தை ஒரு மாசம் ஊருக்குப் போனா ஃபீஸ் உண்டா, எத்தனை குழந்தைக்கு ஒரு ஆயா, இந்த நாலையும் எழுத்துல வாங்குங்க. அப்புறம் எந்தத் தகவலும் சொல்லாம ஒரு நாள் பகல் 12 மணிக்குப் போய்ப் பாருங்க.

டாக்ஸ் பத்திக் கேட்கறீங்க. டே கேர் கட்டணத்துக்கு 80சி கழிவு கிடையாது. ப்ளே ஸ்கூல் டியூஷன் ஃபீஸுக்கு உண்டு, ஆனா பழைய வரி முறையில இருந்தா மட்டும்.

வேலையை விடவே கூடாதா?

அப்படி நான் சொல்லவே இல்லை. குழந்தைக்கு உடம்பு சரியில்லாம இருக்கலாம். வேலை மனசை நோகடிக்கலாம். இல்லை, "நான் கொஞ்ச நாள் கூடவே இருக்கணும்"னு அம்மாவுக்கே தோணலாம். அது எல்லாமே நல்ல காரணம்தான். அப்படி விட்டா மூணு விஷயம் பண்ணுங்க. குழந்தைக்கும் அம்மாவுக்கும் தனி மெடிக்கல் பாலிசி எடுங்க. சம்பாதிக்கறவர் பேர்ல டேர்ம் இன்ஷூரன்ஸ் எடுங்க. மாசாமாசம் மனைவி பேர்ல ஒரு தொகை, குறைஞ்சது அவங்களுக்குச் சேர்ந்திருக்க வேண்டிய பிஎஃப் அளவுக்காவது, போட்டுட்டே வாங்க. பிஎஃப் பணத்தை அவசரப்பட்டு எடுக்காதீங்க. 5 வருஷத் தொடர் சர்வீஸுக்கு முன்னாடி எடுத்தா வரி வரலாம்.

அந்த ஜோடி என்ன முடிவு பண்ணினாங்கன்னு கேட்பீங்க. முதல் ஒரு மாசம் அம்மா வர்றாங்க, அதுக்கப்புறம் டே கேர். வாரம் ரெண்டு நாள் அந்தத் தம்பிக்கு வீட்டுல இருந்து வேலை, அன்னைக்கு அவர்தான் போய்க் குழந்தையைக் கூட்டிட்டு வருவார். 9 மாசம் கழிச்சு, கிராஜுவிட்டிக்கு 5 வருஷம் முடிஞ்சதும், மறுபடி உட்கார்ந்து பேசலாம்னு முடிவு. அப்போ அந்தப் பொண்ணு வேலையை விட்டாலும் எனக்குச் சந்தோஷம்தான், ஏன்னா சரியான கணக்கைப் பார்த்துட்டு விடுவா.

கிளம்பும்போது அந்தத் தம்பி புதுப் பக்கம் புரட்டி, மேல "நம்ம வருமானம்: 1,10,000"னு எழுதினார். டே கேரை அதுக்குக் கீழ எழுதினார். நீங்களும் இன்னைக்கு ராத்திரி குழந்தை தூங்கினதும் ரெண்டு பேரும் உட்கார்ந்து அதே தலைப்புல ஆரம்பிங்க. இந்தக் கணக்கோட எக்செல் ஷீட்டை அடுத்த வீடியோவுல வரிவரியா போட்டுக் காட்டறேன்.