பூனைக்கும் உண்டு அவசர சிகிச்சை

நெல் விளையும் ஊர்களில் பூனை வெறும் செல்லப் பிராணி அல்ல. சம்பளம் கேட்காத காவலாளி. அனுமன் நதிப் பாசனத்தில் வயல்கள் செழிக்கும் எங்கள் வடகரையிலும் அண்டையிலுள்ள சிற்றூர்களிலும் வீட்டு நெல் மூட்டைகளை எலிகளிடமிருந்து காப்பது பூனைதான். ஆனால், அந்தக் காவலாளி நோயுற்றால் 'தானே சரியாகிவிடும்' என்று விட்டுவிடுகிறோம். 2019-இல் முடிவு வெளியான 20-ஆவது கால்நடைக் கணக்கெடுப்பில் நாய்க்கும் முயலுக்கும்கூட இடமிருந்தது, பூனைக்கு இல்லை. எண்ணிக்கையில் வராதது திட்டத்திலும் வராது என்பது நான் பல்லாண்டுகள் கற்பித்த பொருளாதாரத்தின் எளிய பாடம்.

பூனைகளின் உயிரைப் பறிக்கும் நோய்களில் இரண்டு வகைகளை நாம் பிரித்தறிய வேண்டும். முதலாவது, வைரஸ் என்கிற தீநுண்மிகளால் வருவது. பான்லூகோபீனியா என்னும் நோய் ரத்த வெள்ளையணுக்களையும் குடலையும் ஒருசேரத் தாக்குகிறது. வாந்தியும் கழிச்சலும் கண்டு குட்டிகள் சில நாள்களிலேயே மடிகின்றன. இந்தத் தீநுண்மி ஓரிடத்தில் ஓராண்டு வரைகூட உயிர்ப்புடன் இருக்கக்கூடியது. ஹெர்பிஸ், கலிசி ஆகிய தீநுண்மிகள் சளி, கண்நோய், வாய்ப்புண் ஆகியவற்றை உண்டாக்குகின்றன. இவை மூன்றுக்கும் ஒரே தடுப்பூசி உண்டு. குட்டிக்கு ஆறு முதல் எட்டு வார வயதில் தொடங்கி, நான்கு மாத வயது வரை குறிப்பிட்ட இடைவெளியில் அதைப் போட வேண்டும்.

இரண்டாவது, சிறுநீர்ப்பையையும் சிறுநீர் வெளியேறும் குழாயையும் தாக்கும் நோய். கடுவன் பூனைக்கு அந்தக் குழாய் மிகக் குறுகலானது. படிகத் துகள்களும் சளி போன்ற பொருளும் சேர்ந்து அதை அடைத்துவிட்டால், வெளியேற வேண்டிய பொட்டாசியம் ரத்தத்தில் தேங்கி இதயத்தை நிறுத்திவிடும். இரண்டு, மூன்று நாள்களில் மரணம் நேரும்.

இந்த அடைப்புக்கும் தீநுண்மிதான் காரணமோ என்ற ஐயம் அறிவியலாளர்களுக்கு இருந்தது. 1960-களின் இறுதியிலிருந்து அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் கேத்தரின் ஃபாப்ரிகன்ட் உள்ளிட்டோர் இதை ஆராய்ந்தனர். நோயுற்ற பூனைகளிடமிருந்து தீநுண்மிகளைப் பிரித்தெடுத்தனர். எனினும், அவையே காரணம் என்பது இன்றுவரை உறுதிப்படவில்லை. சிறுநீர்த் தொல்லையுடன் வரும் பூனைகளில் பாதிக்கும் மேற்பட்டவற்றுக்குத் திட்டவட்டமான காரணம் புலப்படுவதில்லை. மனஅழுத்தம், தண்ணீர் குறைவாகக் குடிப்பது, உடல் பருமன், உலர் தீவனம் மட்டுமே உண்பது ஆகியவை நோய்க்குத் துணைபோகின்றன. இளம்வயதுப் பூனைகளில் பாக்டீரியா தொற்று அரிது என்பதால், மருந்துக் கடையில் வாங்கும் நுண்ணுயிர்க்கொல்லி மாத்திரை பெரும்பாலும் வீண்.

ஆகவே, தடுப்பூசி போட்டாகிவிட்டது என்று சிறுநீர் அடைப்பைக் குறித்துக் கவலையற்று இருக்க முடியாது. அடிக்கடி மண்ணைப் பறித்து உட்கார்ந்து முக்குவது, கத்துவது, பிறப்புறுப்பை ஓயாமல் நக்குவது, சொட்டுச் சொட்டாக அல்லது ரத்தத்துடன் சிறுநீர் கழிப்பது ஆகியவை எச்சரிக்கைகள். பலர் இதை மலச்சிக்கல் எனக் கருதி விளக்கெண்ணெய் புகட்டி, கிடைத்தற்கரிய ஒரு நாளை இழக்கிறார்கள். வயிற்றை அழுத்திப் பார்ப்பதும் ஆபத்து. மனிதர்களுக்கான பாராசிட்டமால் மாத்திரை பூனைக்கு நஞ்சு. உடனே கால்நடை மருத்துவரிடம் கொண்டுசெல்வது ஒன்றே வழி. நுண்குழாய் செலுத்தி அடைப்பை நீக்கினால் பெரும்பாலான பூனைகள் பிழைத்துக்கொள்ளும்.

இங்கேதான் அரசின் கடமை வருகிறது. திருநெல்வேலி ராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. வடகரையிலிருந்து அது ஏறத்தாழ 60 கி.மீ. தொலைவு. நேரமே உயிராக இருக்கும் நோய்க்கு அது நெடுந்தூரம். வட்டார அளவிலான அரசு கால்நடை மருத்துவமனைகளில் பூனைக்கான நுண்குழாயும் அதைச் செலுத்தும் பயிற்சியும் இருக்க வேண்டும். மாதம் ஒரு நாளாவது பூனைத் தடுப்பூசிக்கு ஒதுக்கலாம். ஒரு பூனைக்குப் போடும் ஊசி பக்கத்து வீட்டுப் பூனைக்கும் நோய் பரவும் வாய்ப்பைக் குறைக்கிறது. தனிமனிதர் செய்யும் செலவில் ஊருக்கே பலன் கிடைக்கும்போது, அச்செலவில் அரசும் பங்கேற்பதே முறை.

மாடு இறந்தால் இழப்பு இத்தனை ரூபாய் என்று கணக்கிடுகிறோம். பூனைக்குச் சந்தை விலை இல்லாததால் அதன் இறப்பை இழப்பாகவே கருதுவதில்லை. விலை இல்லாத எல்லாமே மதிப்பில்லாதவை ஆகிவிடா.