உள்ளே வா என்றால்தான் வரும்

ரத்தக் காட்டேரிப் படம் நமக்கெதற்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2008-இல் தோமஸ் ஆல்ஃபிரெட்சன் இயக்கிய ‘லெட் தி ரைட் ஒன் இன்’ என்ற ஸ்வீடன் நாட்டுப் படம், பயத்தைவிடப் பரிவையே அதிகம் பேசுகிறது.

ஸ்டாக்ஹோம் புறநகரில் 12 வயது ஆஸ்கார் பள்ளியில் அடிபடுகிறான். கன்னத்துக் காயத்தைப் பற்றித் தாய் கேட்டால், விழுந்துவிட்டேன் என்கிறான். பக்கத்து வீட்டுக்குக் குடிவந்த ஏலியோ ரத்தம் குடித்து வாழும் பிறவி. இருவரும் நடுச்சுவரைத் தட்டி மோர்ஸ் தந்தி மொழியில் பேசிக்கொள்கிறார்கள். ரயில் நிலையத் தந்திக் கருவியின் ஓசைக்குப் பழகிய எனக்கு இது மிகவும் பிடித்தது.

அழைக்காமல் ஏலி எந்த வீட்டிலும் நுழையக் கூடாது. நுழைந்தால் உடலெங்கும் ரத்தம் கசியும். அதைக் கண்டு ஆஸ்கார் பதறி அழைக்கும் காட்சி மனத்தை உருக்குகிறது.

கொடூரக் காட்சிகள் உண்டு, சிறுவர்களுக்கு வேண்டாம். பெற்றோர் பார்க்கலாம். புது ஊர்ப் பள்ளியிலிருந்து நம் பிள்ளை காயத்தோடு வந்து, விழுந்துவிட்டேன் என்றால், இன்னொரு முறை கேட்கத் தோன்றும்.