வல்லாரைக்கு உரம் ஏன் தங்குவதில்லை?

திருவனந்தபுரத்தில் தென்னை மூட்டில் படரவிட்ட வல்லாரை, உரம் போட்டும் மழைக்காலத்தில் வெளிறிப்போவதுண்டு. ஏன்?

இங்கே பெரும்பாலும் செம்பூராங்கல் மண். காலங்காலமாகப் பெய்த மழையில் சுண்ணாம்பும் பொட்டாசியமும் கரைந்தோட, இரும்பும் அலுமினியமும் மிஞ்சின. களிமண் பகுதியில் அதிகம் இருப்பது கேயோலினைட். இதே மாவட்டத்துத் தோன்னக்கல்லில் கிடைக்கும் சீனக்களிமண்ணும் அதுதான். சத்துகளின் நேர்மின் அயனிகளைப் பிடித்துவைக்கும் திறன் அதற்கு மிகக் குறைவு. அம்மோனியமும் பொட்டாசியமும் அடுத்த மழையிலேயே இறங்கிவிடும். பாஸ்பரஸோ நேர்மாறு: இரும்பும் அலுமினியமும் இறுக்கிக்கொள்ள, வேருக்குக் கிடைக்காது.

வல்லாரைக் கொடி கணுவுக்குக் கணு வேர்விடும். வேர்கள் பெரும்பாலும் மேல்மண்ணிலேயே நிற்கும். ஆகவே ஆழக் குழிதோண்டி உரமிடுவது வீண். சலித்த மட்கிய தொழுவுரத்தை, குருத்து மூடாமல் மெல்லியதாகத் தூவி, இலைமேல் நீர் தெளித்துக் கழுவுங்கள். மட்கு சத்துகளைப் பிடித்துவைக்கும். பாஸ்பரஸையும் ஓரளவு விடுவிக்கும். ஜூன் அடைமழையில் வேண்டாம், மழை ஓயும் இடைவெளியில் சிறுகச் சிறுகப் போடுங்கள். புளிப்பு மண்ணுக்குச் சுண்ணாம்பு நல்லது. ஆனால் அதை யூரியாவோடு சேர்த்து இட்டால் தழைச்சத்து அம்மோனியாவாகக் காற்றில் போய்விடும்.

வல்லாரைபோலத் தரையில் படரும் மஞ்சள் பூ வெடேலியாவுக்கு இந்தப் பாடெல்லாம் தேவையில்லை. அதனாலேயே அதை நடாதீர்கள். பக்கத்துச் செடிகளை மூடி அமுக்கிவிடும்.