ஹெலிகாப்டர் குட்டிக்கரணம் போடும்! தலைகீழாக நிற்குமா?

2024-ம் ஆண்டு அக்டோபர் 6-ந்தேதி மெரினாவில் நடந்த விமானப்படை சாகசத்துக்குக் கூடிய கூட்டம் ஊரறிந்த கதை. அன்று ஆகாயத்தில் வித்தை காட்டியவற்றில் "சாரங்" ஹெலிகாப்டர் குழுவும் ஒன்று.

ஹெலிகாப்டர் இப்படி வளைந்து நெளிந்து பறப்பதைப் பார்க்கிற யாருக்கும் ஒரு கேள்வி வரும். விமானம் தலைகீழாகப் பறக்கிறதே, இது பறக்குமா?

குட்டிக்கரணம் போடும். ஆனால் தலைகீழாக நிற்காது!

இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். அந்த வித்தியாசத்தில்தான் விமானியின் உயிர் இருக்கிறது.

வாளித் தண்ணீர்

1949-ம் ஆண்டிலேயே அமெரிக்காவில் ஹரால்டு தாம்சன் என்ற விமானி, சிகோர்ஸ்கி கம்பெனியின் எஸ்-52 ஹெலிகாப்டரில் ஆகாயத்தில் முழு வட்டம் அடித்துக் காட்டினார். ஒரு தடவை அல்ல, பல தடவை! 1968-ல் பட்டாளத்தாரை ஏற்றிச்செல்லும் சி.எச்.-53 என்ற ராட்சத ஹெலிகாப்டரே கரணம் போட்டது.

எப்படி முடிகிறது? ஒரு வாளியில் தண்ணீர் எடுத்துக் கையை வீசி வேகமாகச் சுற்றுங்கள். வாளி தலைக்கு மேலே கவிழ்ந்து வரும்போதும் தண்ணீர் கொட்டாது. மெதுவாகச் சுற்றினால்? குளியல்தான்!

ஹெலிகாப்டர் கதையும் அதுவே. விமானி முதலில் நல்ல வேகம் எடுக்கிறார். பிறகு ஸ்டிக்கைப் பின்னால் இழுத்து மேலே ஏறுகிறார். உச்சியில் தலைகீழாக இருக்கும்போதும் உடம்பு சீட்டோடு அழுந்தியே இருக்கும். சில விநாடிதான். அதற்குள் மறுபக்கம் இறங்கிவிட வேண்டும்.

அங்கேயே நின்றால் என்ன?

வீட்டு மின்விசிறி காற்றைக் கீழே தள்ளுகிறது. ஹெலிகாப்டர் விசிறியும் அப்படித்தான். காற்று கீழே போகிறது, வண்டி மேலே எழுகிறது. தலைகீழாகக் கவிழ்த்தால் காற்று ஆகாயத்தைப் பார்த்துப் போகும். வண்டி தரைக்குத் தள்ளப்படும். பூமியும் இழுக்கிறது, விசிறியும் இழுக்கிறது. அப்புறம் எங்கே நிற்பது?

நிற்க வேண்டுமானால் இறக்கைகளை எதிர்ப்பக்கமாகச் சாய்க்க வேண்டும். பெரிய ஹெலிகாப்டர்களில் அந்தப் பக்கம் மிகக் கொஞ்சம்தான் சாயும். இறக்கையின் வடிவமும் முறுக்கும்கூட ஒரு பக்கத்து வேலைக்கென்றே செய்தவை. போதாததற்கு, அவை வளையக் கூடியவை. எதிர்ப்பக்கம் வளைந்தால் சொந்த வாலையே வெட்டிவிடலாம்! என்ஜினுக்கு எண்ணெயும் எரிபொருளும் ஒழுங்காகப் போய்ச் சேர வேண்டுமே, அது தனித் தலைவலி.

ஒரு விநாடியில் விபரீதம்

இதைவிட பயங்கரம் ஒன்று உண்டு. அதற்குத் தலைகீழாகப் போக வேண்டியதே இல்லை!

ஸ்கூட்டரில் வேகமாக மேடு ஏறி இறங்கும்போது வயிற்றில் 'ஜிவ்'வென்று இருக்குமே, அதுபோதும்.

ராபின்சன் ஆர்-22, பெல் கம்பெனியின் பழைய ஹ்யூயி போன்ற ஹெலிகாப்டர்களுக்கு இரண்டே இறக்கைகள். பூங்காவில் பிள்ளைகள் ஏறி இறங்கி ஆடும் பலகைபோல அந்த விசிறி, தண்டின் உச்சியில் ஆடிக்கொண்டிருக்கும். வண்டியின் உடல் அதிலிருந்து பாரமாகத் தொங்குகிறது. பாரம் இருக்கும்வரை விசிறி எந்தப் பக்கம் சாய்கிறதோ, உடலும் அந்தப் பக்கம் போகும்.

விமானி ஸ்டிக்கைச் சட்டென்று முன்னால் தள்ளினால் அந்தப் பாரம் போய்விடுகிறது. வாலில் உள்ள சின்ன விசிறியின் தள்ளலில் உடல் வலப்பக்கம் உருளத் தொடங்கும். மனுஷ சுபாவம் என்ன செய்யும்? ஸ்டிக்கை இடப்பக்கம் தள்ளும். விசிறி மட்டும் இடப்பக்கம் சாயும், உடல் கூடவே வராது. விசிறியின் நடுப்பாகம் தண்டிலே மோதும். தண்டு முறியலாம், இறக்கை விமானி இருக்கும் அறையையே தாக்கலாம். அப்புறம் பிழைக்க வழியில்லை.

சரியான வைத்தியம், முதலில் ஸ்டிக்கை மெதுவாகப் பின்னால் இழுத்துப் பாரத்தை விசிறிக்குத் திரும்பக் கொடுப்பது. அதன் பிறகே உருளலைச் சரிசெய்ய வேண்டும். உட்கார்ந்து எழுதுகிறவனுக்கு இது சுலபம். வண்டி புரளும்போது கையைக் கட்டுப்படுத்த எத்தனை நெஞ்சுரம் வேண்டும்!

1995-ல் அமெரிக்க அரசு, ஆர்-22, ஆர்-44 ஓட்டுகிறவர்கள் இந்த ஆபத்தைப் பற்றித் தனிப் பயிற்சி பெற வேண்டும் என்று விதி போட்டது.

கெட்டியான விசிறி

அப்படியானால் கரணம் போடுகிறவை எவை? 1967-ல் முதன்முதலாகப் பறந்த ஜெர்மனியின் பி.ஓ.-105 அதில் பேர்போனது. நடுப்பாகம் டைட்டானியம். கண்ணாடி இழையில் செய்த நான்கு இறக்கைகள். ஆடும் பலகை மாதிரி தொங்காமல் விசிறி தண்டோடு கெட்டியாகப் பிணைந்திருக்கும். அதனால் பாரம் குறைந்தாலும் உடல் சொன்ன பேச்சு கேட்கும். சக் ஆரன் என்ற அமெரிக்கர், இந்த ரக ஹெலிகாப்டரில் கரணம் போட்டுக் காட்டவே அமெரிக்க அரசிடம் தனி அனுமதி வாங்கியவர்.

பிரிட்டனின் லின்க்ஸ் இதே ஜாதி. 1986-ல் மணிக்கு 400 கிலோமீட்டரைத் தாண்டி உலக சாதனை படைத்தது. கரணமும் அதற்குக் கைவந்த கலை.

நம்முடைய சாரங் குழு ஓட்டுகிற "துருவ்" ஹெலிகாப்டரின் விசிறியும் கெட்டி ரகம்தான். பெங்களூர் எச்.ஏ.எல். தயாரிப்பு. குழுவுக்கு இருப்பிடம் கோவை பக்கத்து சூலூர்.

சரி, தலைகீழாக நிற்கிற ஹெலிகாப்டரே கிடையாதா? உண்டு. ரேடியோவில் இயக்கும் பொம்மை ஹெலிகாப்டர்! அதன் இறக்கை இரண்டு பக்கமும் ஒரே வடிவம். எந்தப் பக்கமும் சமமாகச் சாயும். எடையோ கொஞ்சம், சக்தியோ ஏராளம். 2004-ல் அமெரிக்காவின் ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் கம்ப்யூட்டரைக் கொண்டே அப்படி ஒன்றை ஆகாயத்தில் தலைகீழாக நிறுத்திவிட்டார்கள்.

என்ன, ஏறி உட்காரத்தான் முடியாது!