கோடானுகோடி கோள்கள் உண்டு. செய்ய வேலை உண்டா?

1984-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக மாணவர்களான டேவிட் பிரேபனும் இயன் பெல்லும் தாங்கள் எழுதிய ஒரு விண்வெளி கேமை ஏக்கார்ன்சாஃப்ட் நிறுவனத்தின் மூலம் வெளியிட்டார்கள். பெயர் ‘எலைட்’. அது ஓடிய பிபிசி மைக்ரோ கணினியின் மொத்த நினைவகமே 32 கிலோபைட்தான். கோள்களின் பட்டியலைச் சேமித்து வைக்க அதில் இடமில்லை. அதனால் ஒரு சிறிய எண்ணை வைத்துக்கொண்டு, கோளின் பெயர், ஆட்சிமுறை, சந்தை விலை என்று எல்லாவற்றையும் தேவைப்படும் நேரத்தில் சூத்திரம் போட்டுக் கணக்கிடும்படி செய்தார்கள். அந்தச் சூத்திரத்தை அதன் போக்கில் விட்டிருந்தால் சுமார் 280 லட்சம் கோடி விண்மீன் மண்டலங்கள் வந்திருக்கும். வெளியீட்டாளர்கள் ஒப்புக்கொள்ளவில்லை. அவ்வளவு பெரிதாக இருந்தால் எல்லாமே வெறும் கணக்கு என்ற குட்டு உடைந்துவிடும் என்று நினைத்தார்கள். கடைசியில் எட்டு மண்டலங்கள், மண்டலத்துக்கு 256 கோள்கள் என்று நின்றது. (ஒரு மண்டலத்தில் சூத்திரம் ஒரு கோளுக்குக் கெட்ட வார்த்தையைப் பெயராக வைத்துவிட்டதால், அந்த மண்டலம் முழுவதையுமே தூக்கிப் போட்டார்கள் என்பது தனிக்கதை.)

பின்னால் வந்தவர்கள் அந்த எச்சரிக்கையைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. ‘எல்லையே இல்லாத பிரபஞ்சம்’ என்பதுதான் இன்று விண்வெளி கேம்களின் முதல் விளம்பர வாசகம். இந்த வகை கேம்களில் இப்படித்தான் ஆட வேண்டும், இங்கேதான் முடியும் என்ற கட்டாயம் கிடையாது. கையில் ஒரு கப்பல் கிடைக்கும். அதை வைத்துக்கொண்டு வணிகம் செய்யலாம், கொள்ளையடிக்கலாம், கனிமம் தோண்டலாம், சும்மாவும் சுற்றலாம். வாங்கிய முதல் வாரம் பிரமிப்பிலேயே ஓடிவிடும். பிறகுதான் அந்தக் கேள்வி வரும்: இத்தனை பெரிய இடத்தில் ஆடுவதற்கு என்ன இருக்கிறது?

இந்தக் கேள்வி ஊரறிய வெடித்தது 2016 ஆகஸ்டில். இங்கிலாந்தின் கில்ட்ஃபோர்டு நகரிலுள்ள ஹலோ கேம்ஸ் என்ற சிறிய நிறுவனம் ‘நோ மேன்ஸ் ஸ்கை’யை வெளியிட்டது. அதிலுள்ள கோள்களின் எண்ணிக்கை 18,446,744,073,709,551,616. கோளுக்கு ஒரு நொடி என்று ஒதுக்கினாலும் எல்லாவற்றையும் பார்த்து முடிக்க ஏறத்தாழ 58,500 கோடி ஆண்டுகள் ஆகும். நம் பிரபஞ்சத்தின் வயதோ 1,380 கோடி ஆண்டுகள்தான். வெளியான புதிதில் ஸ்டீம் என்ற கேம் விற்பனைத் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஆடினார்கள். சில வாரங்களில் கூட்டம் கலைந்தது. முதல் நாளே இருவர் திட்டமிட்டு ஒரே கோளில் ஒரே இடத்துக்கு வந்து நின்றும் ஒருவரை ஒருவர் பார்க்க முடியாமல் போனது பெரிய செய்தியானது. விளம்பரம் ஏமாற்றுவதாக பிரிட்டன் விளம்பரத் தர ஆணையத்துக்குப் புகார்கள் போயின. ஆணையம் விசாரித்து, விளம்பரத்தில் தவறில்லை என்று முடித்துவைத்தது.

விளம்பரத்தில் தவறு இல்லாமல் இருக்கலாம். ஆனால் பத்தாவது கோளில் இறங்கியவர்களுக்கு ஏன் சலித்தது? அதே ஆண்டின் தொடக்கத்திலேயே கேட் காம்ப்டன் என்ற வடிவமைப்பாளர் இதற்குப் பொருந்தும் ஒரு விளக்கத்தைத் தந்திருந்தார். பத்தாயிரம் கிண்ணம் ஓட்ஸ் கஞ்சி செய்யலாம். ஒரு கிண்ணத்தில் பருக்கைகள் கிடப்பதுபோல இன்னொன்றில் கிடக்காது, கணக்குப்படி ஒவ்வொன்றும் தனி. சாப்பிடுகிறவருக்கு அது வெறும் கஞ்சி. இங்கே மரம் ஊதா, அங்கே சிவப்பு. இங்கே விலங்குக்கு நான்கு கால், அங்கே ஆறு. ஆனால் இரண்டு இடத்திலும் செய்கிற வேலை ஒன்றே: பாறையை உடை, தாதுவை எடு, எரிபொருளை நிரப்பு, கிளம்பு.

ஹலோ கேம்ஸ் ஓடி ஒளியவில்லை. ‘ஃபவுண்டேஷன்’, ‘நெக்ஸ்ட்’, ‘பியாண்ட்’ என்று பல பெரிய அப்டேட்களை ஒரு பைசா வாங்காமல் கொடுத்தது. வீடு கட்டலாம், நண்பர்களோடு ஆடலாம், குடியேற்றத்துக்குத் தலைவராகலாம், மீன்கூடப் பிடிக்கலாம். 2024 நவம்பரில் ஸ்டீமின் ஒட்டுமொத்த மதிப்பீடு ‘மிகவும் சாதகம்’ என்ற நிலைக்கு ஏறியது. உழைப்புக்குக் கிடைத்த நியாயமான பலன்தான். ஆனாலும் இது தாராளமான கேம் ஆனதே தவிர ஆழமான கேம் ஆகவில்லை. மீன்பிடிப்பு குடியேற்றத்தை மாற்றுவதில்லை. குடியேற்றம் வணிகத்தை அசைப்பதில்லை. ஒன்றில் தோற்றால் இன்னொன்றில் வலிக்காது.

2023 செப்டம்பரில் பெதஸ்டா வெளியிட்ட ‘ஸ்டார்ஃபீல்டு’ ஆயிரத்துக்கும் மேற்பட்ட கோள்களோடு வந்து அதே பள்ளத்தில் விழுந்தது. வெவ்வேறு கோள்களில் ஒரே அமைப்புள்ள கைவிடப்பட்ட ஆய்வகம், அதே மேசையில் அதே பொருள்கள். கோள்கள் வெறுமையாக இருக்கின்றன என்றவர்களுக்கு, நிலவுக்குப் போனவர்களும் அங்கே ஒன்றையும் பார்க்கவில்லை, ஆனாலும் அலுத்துக்கொள்ளவில்லையே என்று நிறுவனத் தரப்பிலிருந்து பதில் வந்தது. பதில் சாமர்த்தியமானது. ஆனால் நிலவில் இறங்கியவர்களுக்கு உயிர் பிழைத்துத் திரும்புவதே பெரிய வேலையாக இருந்தது. சோபாவில் உட்கார்ந்திருப்பவருக்கு அந்த வேலையைக் கேம்தான் கொடுத்தாக வேண்டும்.

ஆழம் என்று கேமர்கள் எதைச் சொல்கிறார்கள் என்பது 1984-ன் எலைட்டிலேயே ஓரளவு தெரியும். தொடக்கத்தில் கையில் 100 கிரெடிட்தான். உணவுப் பொருளை வாங்கி விற்றால் ஆபத்தில்லை, லாபமும் பெரிதாக இல்லை. போதைப் பொருளோ அடிமைகளோ ஏற்றினால் பணம் கொட்டும். காவல் கப்பல்கள் துரத்தும். துரத்தினால் தப்பிக்க ஆயுதம் வேண்டும், ஆயுதத்துக்குப் பணம் வேண்டும், பணத்துக்கு இன்னொரு ஆபத்தான சரக்கு. சுழலும் நிலையத்தின் குறுகிய வாசலுக்குள் கப்பலைச் சுழற்றி நுழைக்கத் தெரியாவிட்டால் சம்பாதித்த அத்தனையும் கதவில் மோதி நொறுங்கும். ஒரு முடிவு அடுத்த முடிவைப் பிடித்து இழுக்கிறது. 2,048 கோள்கள் அதற்குப் போதுமானவையாக இருந்தன. சொல்லப்போனால், இருபது இருந்தாலே போதும்.

எண்ணிக்கைக்கும் ஆழத்துக்கும் உறவில்லை என்பதற்கு ‘கெர்பல் ஸ்பேஸ் புரோகிராம்’ ஒன்றே சாட்சி. மெக்சிகோ நகரில் ஸ்குவாட் என்ற விளம்பர நிறுவனத்தில் வேலை பார்த்த ஃபெலிப்பே ஃபலாங்கே உருவாக்கியது. 2011-ல் முதல் பதிப்பு வந்தது. முழுமையான பதிப்பு 2015-ல். அதில் இருப்பது ஒரே ஒரு சூரியன், ஏழு கோள்கள், ஒன்பது துணைக்கோள்கள். அவ்வளவுதான் பிரபஞ்சம். குட்டிப் பச்சை மனிதர்களின் தாய்க்கோளான கெர்பினின் ஆரம் 600 கிலோமீட்டர். பூமியின் ஆரத்தில் பத்தில் ஒரு பங்குகூட இல்லை. ஈர்ப்பு விசையும் எளிமைப்படுத்தப்பட்டது: எந்த நேரத்திலும் ஒரே ஒரு வான்பொருள்தான் கப்பலை இழுக்கும். தத்ரூபம்தான் ஆழம் என்று நினைப்பவர்களுக்கும் இது ஒரு பதில்.

இவ்வளவு குறைத்துவிட்டு, குறைக்காமல் விட்டது ராக்கெட்டின் விதியை. தொலைவு போக எரிபொருள் வேண்டும். எரிபொருளுக்கே எடை உண்டு. அந்த எடையைத் தூக்க இன்னும் எரிபொருள் வேண்டும். சுற்றுப்பாதையை எட்டவே நொடிக்கு 3,400 மீட்டர் அளவுக்கு டெல்டா-வி, அதாவது வேக மாற்றம், தேவை. சூரியத்தகடு வைக்க மறந்தால் நடுவழியில் மின்சாரம் போகும். ‘மன்’ என்ற நிலவில் இறங்கிய பிறகு, திரும்ப எரிபொருள் இல்லை என்பது தெரியவரும். அப்போது யாரும் கேமை அணைப்பதில்லை. மீட்புக் கப்பல் கட்டுகிறார்கள். அதுவும் பக்கத்திலேயே சிக்கிக்கொள்ள, மீட்கப் போனவரை மீட்க மூன்றாவது கப்பல். இந்தக் கதையை எந்த வசனகர்த்தாவும் எழுதவில்லை.

இன்னும் சுவையானது, சுற்றுப்பாதையில் முன்னே போகும் கப்பலைப் பிடிப்பது. அதை நோக்கி எஞ்சினை முடுக்கினால் நம் பாதை மேலே ஏறும், ஒரு சுற்றுக்கு ஆகும் நேரம் கூடும், பின்தங்கிவிடுவோம். பிடிக்க வேண்டுமானால் வேகத்தைக் குறைத்துத் தாழ்ந்த பாதைக்கு இறங்க வேண்டும். 1965 ஜூனில் ஜெமினி 4 கலத்தில் ஜேம்ஸ் மெக்டிவிட், தன்னைச் சுமந்துவந்த ராக்கெட்டின் கழன்ற பகுதியை நெருங்க நேராக அதை நோக்கிச் செலுத்திப் பார்த்தார். எரிபொருள் கணிசமாகத் தீர்ந்ததே ஒழிய அது எட்டவில்லை. நாசா விண்வெளி வீரர் பட்ட பாட்டை இன்று பதினான்கு வயதுப் பிள்ளை இரவு பதினோரு மணிக்குப் பட்டு, விடிவதற்குள் கற்றுக்கொள்கிறது.

கெர்பலில் எதிராளி இயற்பியல் என்றால், ‘ஈவ் ஆன்லைன்’ கேமில் எதிராளி சக மனிதர். ஐஸ்லாந்தின் சிசிபி நிறுவனம் 2003-ல் தொடங்கியது. எட்டாயிரத்துக்கும் குறைவான விண்மீன் தொகுதிகள். எல்லோரும் ஒரே உலகத்தில் ஆடுகிறார்கள். ஒருவர் தோண்டிய தாதுவை இன்னொருவர் வாங்கிக் கப்பல் கட்டுவார், மூன்றாமவர் அதை வைத்துப் போரிடுவார். உடைந்த கப்பல் உடைந்ததுதான், திரும்பி வராது. 2014 ஜனவரி 27-ல் பி-ஆர்5ஆர்பி என்ற தொகுதியில், அதை வைத்திருந்த கூட்டணி ஆட்சியுரிமைக் கட்டணத்தை உரிய நேரத்தில் கட்டத் தவறியது. எதிரிகள் பாய்ந்தார்கள். ஏறத்தாழ 21 மணி நேரச் சண்டையில் 7,500-க்கும் மேற்பட்டவர்கள் கலந்துகொண்டார்கள். ‘டைட்டன்’ என்ற ராட்சதக் கப்பல்கள் 75 அழிந்தன. உண்மைப் பணத்தில் சேதம் மூன்று லட்சம் டாலர் என்று மதிப்பிடப்பட்டது. இந்தப் பொருளாதாரத்தைக் கவனிப்பதற்கென்றே சிசிபி 2007-ல் ஒரு பொருளியல் அறிஞரைப் பணியில் அமர்த்தியிருந்தது.

இந்த ஆழத்துக்கு விலையும் உண்டு. ஈவ் ஆடுவது கணக்குப்பிள்ளை வேலை என்ற கேலி பழையது. 2022-ல் நிறுவனமே எக்செல்லோடு இணைப்பு தருவதாக அறிவித்து, அந்தக் கேலியைப் பெருமையாக மாற்றிக்கொண்டது. வேலை முடிந்து வீடு திரும்பி ஒரு மணி நேரம் ஆட நினைப்பவருக்கு இது இடமில்லை.

இந்த வழக்கில் தீர்ப்புச் சொல்லக் கடினமானது ‘எலைட் டேஞ்சரஸ்’. பிரேபன் 2012-ல் பொதுமக்களிடம் நிதி திரட்டி 2014 டிசம்பரில் வெளியிட்டது. 40,000 கோடி விண்மீன் தொகுதிகளுடன் நம் பால்வீதியே உண்மை அளவில் இருக்கிறது. 2017-ல் நாசா டிராப்பிஸ்ட்-1 விண்மீனின் ஏழு கோள்களை அறிவித்தபோது, கேமின் சூத்திரம் கிட்டத்தட்ட அதே இடத்தில் ஏழு பாறைக் கோள்கள் கொண்ட ஒரு தொகுதியை ஏற்கெனவே உருவாக்கி வைத்திருந்தது தெரியவந்தது. வானியல் அவ்வளவு கச்சிதம்.

ஆட்டம் அவ்வளவு கச்சிதம் இல்லை. பரப்பு உண்டு, ஆழம் இல்லை என்பது வெளியான நாள் முதல் கேட்கும் புகார். கப்பலை மேம்படுத்தப் பொருள்கள் சேர்க்க வேண்டும். டேவ்ஸ் ஹோப் என்ற கைவிடப்பட்ட குடியிருப்பில் அவை கிடைக்கும். எடுத்து முடித்துக் கேமைவிட்டு வெளியேறி மறுபடி நுழைந்தால் அதே இடத்தில் அதே பொருள்கள் முளைத்திருக்கும். பால்வீதி முழுவதையும் கையில் வைத்துக்கொண்டு, மெனுவுக்குள் போய்ப்போய் வந்துகொண்டிருந்தார்கள் ஆயிரக்கணக்கானவர்கள்.

ஆனால் இதே கேமில்தான் ‘ஃப்யூயல் ராட்ஸ்’ இருக்கிறார்கள். எல்லா விண்மீன்களிலிருந்தும் எரிபொருள் அள்ள முடியாது. வகை தெரியாமல் போனால் நடுவெளியில் கப்பல் அணைந்து, ஆக்சிஜன் சில நிமிடங்களில் தீர்ந்து, மாதக்கணக்கில் சேர்த்த ஆய்வுத் தரவுகள் அழியும். அப்படிச் சிக்கியவர்களைத் தேடிப் போய் இலவசமாக எரிபொருள் கொடுக்க 2015-ல் ஆட்டக்காரர்களே உருவாக்கிய குழு இது. உதவி கேட்பவரிடம் அவர்கள் முதலில் விசாரிப்பது, ஆக்சிஜன் குறைய ஆரம்பித்துவிட்டதா என்பதை. ஆம் என்றால், உடனே வெளியேறி முதன்மை மெனுவில் காத்திருக்கச் சொல்வார்கள். அங்கே நேரம் ஓடாது. 2019-ல் பால்வீதியைக் குறுக்கே கடக்கும் கூட்டுப் பயணத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்தார்கள். இவற்றில் எதையும் நிறுவனம் வடிவமைக்கவில்லை. ஆனால் ஒன்றைச் செய்திருந்தது: தூரத்தைத் தூரமாகவும் எரிபொருளை எரிபொருளாகவும் விட்டுவைத்திருந்தது. எங்கும் நொடியில் தாவ வழி வைத்திருந்தால் மீட்புக் குழுவுக்குத் தேவையே வந்திருக்காது. எனவே அந்தப் புகார் பாதி நியாயம். வேலைகள் மேலோட்டமானவை; விதிகள் அப்படியல்ல.

கேம் நிறுவனங்களில் சில இன்னும் பெரிதாக்கும் வழியில்தான் இருக்கின்றன. 2012-ல் தொடங்கிய கிறிஸ் ராபர்ட்ஸின் ‘ஸ்டார் சிட்டிசன்’ 2024-லேயே 70 கோடி டாலருக்கு மேல் வசூலித்துவிட்டது. அப்போதும் அது சோதனைப் பதிப்புதான். ஹலோ கேம்ஸோ 2023 டிசம்பரில் தன் அடுத்த படைப்பான ‘லைட் நோ ஃபயர்’ கேமை அறிவித்தபோது, அதில் எத்தனை கோள்கள் என்பதையும் சொன்னது. பூமி அளவில், ஒன்றே ஒன்று.