விசைப்படகு எஞ்சின் கட்டுவோம் – 6: எண்ணெய்க்கு எவ்வளவு இடம்?

சென்ற இதழில் பிளாக்கையும் கிராங்கையும் கழுவித் துடைத்து மேசைமேல் வைத்தோம். இனி இரண்டுக்கும் நடுவே பேரிங் உட்கார வேண்டும். பேரிங்குக்கும் கிராங்கின் ஜர்னலுக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி விடுவது? எஞ்சின் கட்டுகிறவர்கள் நாலு பேர் கூடிய இடத்தில் இதைக் கேட்டால் உடனே இரண்டு கட்சி பிரிந்துவிடும். இறுக்கமாக வை என்பார்கள் சிலர், தாராளமாக விடு என்பார்கள் மற்றவர்கள். சண்டையெல்லாம் அரை தௌவுக்குத்தான். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு தௌ. தலைமுடியே ஏறக்குறைய 3 தௌ தடிமன் இருக்கும்.

நாம் எடுத்துக்கொண்டது ஷெவர்லே 'பிக் பிளாக்' வி-8. 502 கன அங்குலம், அதாவது 8.2 லிட்டர். மெர்குரூசர் பெயரில் அமெரிக்க ஏரிகளிலும் கடலோரங்களிலும் ஏராளமான படகுகளில் ஏறிய எஞ்சின். மெயின் ஜர்னலின் விட்டம் 2.75 அங்குலம், ராடு ஜர்னல் 2.2 அங்குலம். விட்டத்தில் அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது பழைய கணக்கு. அதன்படி மெயினுக்கு 2.75 தௌ, ராடுக்கு 2.2 தௌ. சாலையில் ஓடும் காருக்கு இது சரி. படகுக்கு நான் இதில் நிற்கமாட்டேன்.

காரணத்தைச் சொல்லுமுன் 1883-க்குப் போய்வர வேண்டும். இங்கிலாந்தில் பீச்சம்ப் டவர் என்ற பொறியாளர், சுழலும் தண்டின்மேல் பேரிங்கை ஏற்றிச் சோதித்துக்கொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்காகப் பேரிங்கின் உச்சியில் துளை போட்டார். எண்ணெய் உள்ளே போகாமல் அந்தத் துளை வழியாக வெளியே பொங்கியது. மரக்கட்டையை அடித்து அடைத்தார். கட்டையையும் தள்ளிக்கொண்டு வந்தது. அழுத்தமானியை மாட்டினால் முள் 200 பவுண்டைத் தாண்டியது. பேரிங் தாங்கிய சுமையின் சராசரியோ சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டுதான். தண்டு தன் சுழற்சியாலேயே எண்ணெயை இழுத்து, அதன்மேல் மிதக்கிறது என்று அன்றைக்குத் தெரிந்தது. மூன்று வருடத்தில் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதிவிட்டார். ஆயில் பம்பின் அழுத்தம் கிராங்கைத் தூக்கிப் பிடிப்பதில்லை. பம்பின் வேலை எண்ணெயைக் கொண்டுபோய்ச் சேர்ப்பது மட்டும்.

கார் எஞ்சின் பெரும்பாலான நேரம் தன் வலுவில் சிறு பங்கைத்தான் செலவழிக்கிறது. படகுக்கு அந்த ஓய்வு கிடையாது. மலைப்பாதையில் முடிவில்லாமல் ஏறும் லாரியின் நிலைமைதான். விசையைக் குறைத்த மறுகணம் தண்ணீர் பிடித்து இழுத்துவிடும். அலையில் படகு எகிறினால் புரொப்பல்லர் காற்றில் சுற்றும், எஞ்சின் அலறும், மறுபடி தண்ணீரில் அறையும். அந்த அடி ராடு பேரிங்கில் விழுகிறது. இப்படி மணிக்கணக்கில் ஓடினால் எண்ணெய் கொதித்து நீர்த்துப்போகும். கடல்நீரை நேராகச் சுற்றவிடும் எஞ்சின்களிலோ உப்புப் படியாமல் இருக்க 60 டிகிரி வாக்கில் திறக்கும் தெர்மோஸ்டாட் போடுகிறார்கள். அதனால் பிளாக் குளிர்ந்தே கிடக்க, கிராங்க் மட்டும் சூடேறி விரியும். மேசையில் அளந்த இடைவெளியில் ஒரு பங்கு அங்கே காணாமல் போகும்.

அதனால்தான் கால் தௌ, அரை தௌ கூட்டுகிறோம். இடைவெளி கூடினால் எண்ணெய் அதிகம் பாயும், பேரிங்கின் சூட்டை அள்ளிக்கொண்டு போகும். பாய்ச்சல் இடைவெளியின் மும்மடிக்கு ஏறுவதால், இரண்டரையை மூன்றாக்கினாலே 70 சதவீதத்துக்கு மேல் கூடிவிடும். தாராளக் கட்சிக்காரர்கள் இத்தோடு நிறுத்திக்கொள்கிறார்கள். இடைவெளி பெருகப் பெருகச் சுமையைத் தாங்கும் எண்ணெய்ப் பரப்பு குறுகி, அழுத்தம் ஒரே இடத்தில் குவியும் என்பதைச் சொல்வதில்லை. இன்னொன்று, விரட்டி ஓட்டிவிட்டுத் துறைமுகத்துக்குள் மெல்ல ஊர்ந்து வரும்போது கொதித்த எண்ணெய், குறைந்த வேகம், அகன்ற இடைவெளி மூன்றும் சேர்ந்து அழுத்தமானியைப் படுக்க வைத்துவிடும். உடனே பெரிய பம்பைத் தேடுவார்கள். அது எண்ணெயை இன்னும் சூடாக்கும், டிஸ்டிரிபியூட்டர் பல்சக்கரத்தையும் தேய்க்கும்.

எனவே முதலில் எண்ணெயை முடிவு செய்யுங்கள், இடைவெளி அதன் பின்னால் வரட்டும். மெர்குரி விற்கும் 25டபிள்யூ-40 போன்ற கெட்டியான எண்ணெய் என்றால் மெயினுக்கு 3 தௌ, ராடுக்கு 2.5 முதல் 2.8 வரை என்பது என் தேர்வு. நீர்த்த சிந்தெடிக் எண்ணெயை ஊற்றுகிறவருக்கு இந்த எண்கள் உதவாது.

அளப்பதில்தான் பலர் சறுக்குகிறார்கள். பிளாஸ்டிகேஜ் இழையை நசுக்கிப் பார்ப்பது வேலை முடிந்தபின் ஒரு சரிபார்ப்பு, அவ்வளவே. கேப்பை முழு டார்க்கில் இறுக்கி, மைக்ரோமீட்டரை ஜர்னல் அளவில் பூட்டி, போர் கேஜை அதில் சுழியாக்கி உள்ளே விடுங்கள். முள் காட்டுவதுதான் இடைவெளி. கேப் சேரும் கோட்டருகே பேரிங் வேண்டுமென்றே மெலிந்திருக்கும். அங்கே அளக்காமல் அதற்குச் செங்குத்தாக அளக்க வேண்டும். பிளாக்கும் கிராங்கும் ஒரே அறையில் ஓர் இரவு கிடக்கட்டும்: 10 டிகிரி வித்தியாசம் இருந்தாலே மெயினில் கால் தௌவுக்கு மேல் பொய் சொல்லும்.

அளவு குறைகிறதா? கிராங்கை மறுபடி சாணை பிடிக்க ஓடாதீர்கள். ஒரு தௌ கூடுதல் இடைவெளி தரும் 'எக்ஸ்' ரக பேரிங் கிடைக்கிறது. அதில் ஒரு பாதி, சாதா ரகத்தில் ஒரு பாதி என்று சேர்த்தால் அரை தௌ கூடும். மெயினில் மூன்றரையைத் தாண்டினால் மட்டும் சமாளிக்கப் பார்க்காதீர்கள், மறுபடி பட்டறைக்கு அனுப்புங்கள்.

ஐந்து மெயின், எட்டு ராடு – எல்லா அளவையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த இதழில் ஆயில் பம்பைத் தேர்ந்தெடுக்க அந்த எண்கள் வேண்டும்.

(தொடரும்)