கார் ஏன் இப்படிச் சாய்கிறது? ஒரு வீடியோ ஆட்டமும் இரு வேறு கருத்துகளும்

பேருந்தில் நின்றபடி பயணம் செய்கிறோம். ஓட்டுநர் திடீரென்று பிரேக்கை அழுத்துகிறார். நாம் முன்னால் சாய்கிறோம். பேருந்து வளைவில் திரும்புகிறது. நாம் வளைவின் வெளிப்புறமாகச் சாய்கிறோம். நிலைமம் என்னும் பண்பே இதற்குக் காரணம் என்று பள்ளியில் படித்திருக்கிறோம். நம்மைப் போலவே வண்டியின் உடலும் சாய்கிறது. விரைந்து வந்து நிற்கும் ஒரு காரைப் பக்கவாட்டிலிருந்து பாருங்கள். அதன் மூக்கு தாழ்ந்து, பின்புறம் சற்றே உயர்வதைக் காணலாம்.

2008-ஆம் ஆண்டில் இந்தச் சாய்வைப் பற்றி ஒரு பெரிய வாதம் எழுந்தது. வாதாடியவர்கள் கார்ப் பொறியாளர்கள் அல்லர்; வீடியோ ஆட்டம் ஆடுபவர்கள். அவர்கள் பேசிய கார்களும் உண்மையான கார்கள் அல்ல. திரையில் ஓடும் கார்கள். "இதுதான் உண்மையான ஓட்டம்" என்றார்கள் சிலர். "படகை ஓட்டுவது போல் இருக்கிறது; பழைய ஆட்டமே மேல்" என்றார்கள் வேறு சிலர். ஒரே காரைப் பற்றி இப்படி இரு வேறு கருத்துகள் தோன்றியது ஏன்? இதற்கு இயற்பியலும் உடலியலும் விடை தருகின்றன.

என்ன ஆட்டம் அது?

'கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ 4' என்பது அதன் பெயர். ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உள்ள ராக்ஸ்டார் நார்த் நிறுவனம் உருவாக்கியது. 2008 ஏப்ரல் 29 அன்று வெளிவந்தது. முதல் நாளிலேயே 36 இலட்சம் பிரதிகள் விற்றன. 31 கோடி டாலர் வசூலாயிற்று. கிழக்கு ஐரோப்பாவில் போர் கண்ட நிகோ பெல்லிக் என்பவன், தன் உறவினனை நம்பி அமெரிக்காவுக்கு வந்து, குற்ற உலகில் சிக்கிக்கொள்வதே கதை. கார் ஓட்டுவதும் துப்பாக்கியால் சுடுவதும் ஆட்டத்தின் பெரும்பகுதி. எனவே இது வயது வந்தோருக்கான ஆட்டம். பிரிட்டனில் 18 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இதை விற்கக் கூடாது.

இதைத் 'திறந்த உலக ஆட்டம்' என்பார்கள். கதை ஒரு பக்கம் இருக்க, ஆடுபவர் தம் விருப்பப்படி நகரெங்கும் சுற்றலாம். அந்த நகரின் பெயர் லிபர்ட்டி சிட்டி. நியூயார்க்கைப் பார்த்துச் செய்த கற்பனை நகர். மன்ஹாட்டன் அங்கே அல்கான்குவின் ஆகிறது. புரூக்ளின், புரோக்கர் ஆகிறது.

சரக்கு அறையும் சமையல் மேடையும்

இதற்கு முந்தைய பெரிய பகுதி 2004-இல் வந்த 'சான் ஆண்ட்ரியாஸ்'. அதில் மூன்று நகரங்கள், மலை, பாலைவனம், விமானங்கள், மிதிவண்டிகள் எல்லாம் இருந்தன. புதிய ஆட்டத்திலோ ஒரே நகரந்தான். ஓட்டுவதற்கு விமானமும் இல்லை, மிதிவண்டியும் இல்லை. "புதிய கருவியில் ஆட்டம் சிறுத்துப் போவதா?" என்று பலர் குறைப்பட்டார்கள்.

சமையல்கட்டை எண்ணிப் பாருங்கள். சரக்கு அறையில் மூட்டை மூட்டையாகப் பொருள்கள் இருக்கலாம். ஆனால் சமைக்கும் மேடையில் சில பாத்திரங்களுக்கே இடம் உண்டு. வேண்டியதை எடுத்து வந்து, வேண்டாததைத் திரும்ப வைத்துத்தான் சமைக்க வேண்டும். ஆட்டக் கருவியில் ஒளித்தகடு சரக்கு அறை. நினைவகம் சமையல் மேடை. சான் ஆண்ட்ரியாஸ் வந்த பிளேஸ்டேஷன் 2 கருவியின் முதன்மை நினைவகம் 32 மெகாபைட். புதிய ஆட்டம் ஓடிய எக்ஸ்பாக்ஸ் 360 கருவியிலோ 512 மெகாபைட். மேடை பல மடங்கு பெரிதாகிவிட்டது. ஆயினும் முழு நகரமும் அதில் அடங்காது. நாம் ஓட்டிச் செல்லச் செல்ல, முன்னால் வரும் தெருக்களைத் தகட்டிலிருந்து எடுப்பதும், பின்னால் போன தெருக்களை நினைவகத்திலிருந்து நீக்குவதும் இடைவிடாமல் நடக்கின்றன.

ஒருவகைக் காரை எடுத்து ஓட்டத் தொடங்கினால், சிறிது நேரத்தில் அதே வகைக் கார்கள் தெருவெங்கும் தென்படுவதை ஆடியவர்கள் அறிவார்கள். அந்தக் காரின் வடிவம் ஏற்கனவே மேடைமேல் இருக்கிறது. புதிதாக எடுத்து வர வேண்டியதில்லை. அதனால் கணிப்பொறி அதையே மீண்டும் பயன்படுத்திக்கொள்கிறது.

கூடுதலாகக் கிடைத்த இடத்தை உருவாக்கியவர்கள் பரப்பில் செலவிடவில்லை; செறிவில் செலவிட்டார்கள். கட்டடங்களின் நுணுக்கம், தெருவில் நடப்போர், ஒளியும் நிழலும், எல்லாவற்றுக்கும் மேலாக அசைவின் கணக்கு ஆகியவற்றுக்கு அது பயன்பட்டது. அகலத்தை விரும்பியவர்களுக்கு இது நட்டம். ஆழத்தை விரும்பியவர்களுக்கு இலாபம். முதல் கருத்து வேறுபாட்டின் வேர் இதுவே.

காரின் கணக்கு

இனிக் காருக்கு வருவோம். கணிப்பொறியில் கார் என்பது எண்களின் தொகுதி. நிறை இவ்வளவு, ஈர்ப்பு மையம் இவ்வளவு உயரத்தில், சுருள்வில்லின் விறைப்பு இவ்வளவு, டயருக்கும் சாலைக்கும் உள்ள உராய்வு இவ்வளவு என்று எண்கள் இருக்கும். இவற்றை வைத்து, கார் அடுத்து எங்கே இருக்கும், எப்படிச் சாயும் என்று நொடிக்குப் பல முறை கணக்கிட வேண்டும். திரையில் நொடிக்குச் சுமார் 30 படங்கள் தோன்றுகின்றன. மணிக்கு 108 கி.மீ. வேகத்தில் ஓடும் கார் நொடிக்கு 30 மீட்டர் செல்கிறது. அதாவது, ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே ஒரு மீட்டர் நகர்ந்துவிடுகிறது!

ஓர் எளிய கணக்கைப் போட்டுப் பார்ப்போம். காரின் நிறை 1,500 கி.கி.; ஈர்ப்பு மையத்தின் உயரம் அரை மீட்டர்; முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே 2.5 மீட்டர். பிரேக் போடும்போது வேகம் நொடிக்கு நொடி 6 மீட்டர் வீதம் குறைகிறது எனக் கொள்வோம். நிறையை வேக இறக்கத்தாலும் உயரத்தாலும் பெருக்கி, அச்சுகளின் இடைவெளியால் வகுத்தால் 1,800 நியூட்டன் வருகிறது. அவ்வளவு பளு பின்சக்கரங்களிலிருந்து முன்சக்கரங்களுக்கு மாறுகிறது. 60 கி.கி. எடையுள்ள மூவர் பின்னாலிருந்து எழுந்து வந்து முன்சக்கரங்களின் மேல் உட்கார்ந்தது போன்றது இது. முன் சுருள்விற்கள் அமுங்குகின்றன, மூக்கு தாழ்கிறது.

வளைவில் என்ன நடக்கிறது? காரை வளைவில் பிடித்து வைப்பது டயரின் உராய்வு. அந்த உராய்வுக்கு ஓர் எல்லை உண்டு. உராய்வு எண் 0.8 என்றும் வளைவின் ஆரம் 20 மீட்டர் என்றும் கொண்டால், மணிக்குச் சுமார் 45 கி.மீ. வரைதான் வழுக்காமல் திரும்பலாம். வேகத்தை இரு மடங்காக்கினால் தேவைப்படும் விசை நான்கு மடங்காகிவிடும். தெருமுனையில் 90 கி.மீ. வேகத்தில் திரும்ப முயல்பவர் வளைவை விட்டு வெளியே போய்விடுவார். இயற்கை அவருக்குச் சலுகை காட்டாது.

முந்தைய ஆட்டங்களிலும் இத்தகைய கணக்கு இருந்தது. ஆனால் அங்கே கார்கள் இலேசாக இருந்தன. திருப்பினால் உடனே திரும்பின. ஆடுபவருக்கு இயற்கை சலுகை காட்டியது என்றே சொல்லலாம். நான்காம் பகுதியில் அந்தச் சலுகை குறைந்தது. காருக்குக் கனம் வந்தது. மெத்தென்ற சுருள்விற்களின் மேல் அதன் உடல் ஆடியது. வளைவுக்கு முன்பே பிரேக் போட்டு, பளு முன்னால் வந்ததும் திருப்பி, பின் மெல்ல வேகம் கூட்ட வேண்டியிருந்தது. பழைய பழக்கத்தோடு வந்தவர்கள் விளக்குக் கம்பத்தில் மோதினார்கள். கார் சரியில்லை என்றார்கள். பொறுமையாகக் கற்றவர்கள், ஒவ்வொரு காருக்கும் ஒரு குணம் இருப்பதைக் கண்டு மகிழ்ந்தார்கள்.

கண் மட்டும் போதுமா?

அப்படியானால் குறை சொன்னவர்கள் ஓட்டத் தெரியாதவர்கள்தானா? அப்படி முடிவு செய்வது தவறு. அவர்கள் பக்கத்திலும் ஓர் உண்மை இருக்கிறது.

உண்மையான காரை நாம் கண்ணால் மட்டும் ஓட்டுவதில்லை. நமது உள்செவியில் மூன்று அரைவட்டக் குழல்கள் உள்ளன. தலை திரும்புவதை அவை உணர்கின்றன. அவற்றை அடுத்துள்ள பைகளில் நுண்ணிய சுண்ணாம்புத் துகள்கள் உள்ளன. வேகம் கூடுவதையும் குறைவதையும் அவை உணர உதவுகின்றன. இருக்கை முதுகை அழுத்துகிறது. திருப்பு சக்கரம் கையை இழுக்கிறது. கார் வழுக்கத் தொடங்கும் முன்பே உடல் எச்சரிக்கை பெறுகிறது.

வீட்டில் உட்கார்ந்து ஆடுபவருக்கு இவற்றில் ஏதும் இல்லை. அவருடைய உள்செவி "நான் அசையவே இல்லை" என்று சொல்லிக்கொண்டிருக்கிறது. அவருக்குக் கிடைப்பவை திரைப்படமும் ஒலியும், கையிலுள்ள கருவியின் சிறு அதிர்வும்தாம். திருப்பு சக்கரத்துக்குப் பதிலாகக் கட்டைவிரலால் அசைக்கும் ஒரு சிறு குச்சி இருக்கிறது. ஆக, காரின் கனம் முழுவதும் கணக்கில் வந்துவிட்டது. அந்தக் கனத்தை அறிந்து சமாளிக்க உடலுக்குக் கிடைக்கும் செய்திகளோ வரவில்லை. பாதி உண்மையைத் தந்தால் அது சில நேரங்களில் பொய்யைவிடக் கடினமாகத் தோன்றும். எளிமையாக்கப்பட்ட பழைய கார், இழந்த புலன்களுக்கு ஓர் ஈடு போல் இருந்தது. அதை விரும்பியவர்களைக் குறை கூற முடியாது.

விழும் மனிதனும் பறக்கும் குண்டும்

சுடும் பகுதியிலும் இதே கேள்வி எழுந்தது. பழைய ஆட்டங்களில் அடிபட்டவர் விழும் விதம் முன்பே வரைந்து வைக்கப்பட்டிருக்கும். எப்போதும் ஒரே மாதிரி விழுவார். நான்காம் பகுதியில் 'யூஃபோரியா' என்ற முறை சேர்க்கப்பட்டது. ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆய்விலிருந்து கிளைத்த நேச்சுரல்மோஷன் நிறுவனம் உருவாக்கியது அது. எலும்பு, தசை, நரம்புக் கட்டளை ஆகியவற்றுக்கு ஒப்பான ஒரு கணக்கு ஒவ்வோர் உடலுக்கும் உண்டு. தள்ளப்பட்டவர் தடுமாறுகிறார், கால் ஊன்றப் பார்க்கிறார், கையால் எதையாவது பற்றுகிறார். ஒரு முறை விழுந்தது போல் மறுமுறை விழுவதில்லை.

குண்டின் கணக்கோ வேறு. கைத்துப்பாக்கிக் குண்டு நொடிக்கு 360 மீட்டர் வேகத்தில் சென்றால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையே 12 மீட்டர் தாண்டிவிடும். இடையில் ஒரு சுவர் இருந்தால் கணிப்பொறி அதைக் காணாமலே போகலாம்! எனவே இவ்வகை ஆட்டங்களில் பெரும்பாலும் குண்டு பறப்பதே இல்லை. துப்பாக்கி முனையிலிருந்து ஒரு நேர்கோடு இழுத்து, அது முதலில் எதைத் தொடுகிறது என்று மட்டும் பார்க்கிறார்கள். மனிதன் விழுவதில் அத்தனை நுணுக்கம். குண்டில் இத்தனை சுருக்கம். எதை நுணுக்கமாகக் காட்டுவது, எதைச் சுருக்குவது என்பதை முடிவு செய்பவர் மனிதரே, இயற்கை அல்ல.

விழும் மனிதர் உயிருள்ளவர் போலத் தோன்றியதால், "வன்முறையின் கனம் இப்போதுதான் புரிகிறது" என்று சிலர் எண்ணினார்கள். "வன்முறை இன்னும் கவர்ச்சியாகிவிட்டது" என்று வேறு சிலர் அஞ்சினார்கள்.

தீங்கு உண்டா?

இந்த ஆட்டத்தில் நிகோ குடித்துவிட்டு வண்டி ஓட்ட முடியும். திரை தள்ளாடும், கார் சொன்னபடி கேட்காது. குடிபோதையில் ஓட்டுவதை எதிர்க்கும் அமெரிக்க அன்னையர் அமைப்பு 2008-இல் இதைக் கண்டித்தது. இந்த ஆட்டத்தை முற்றிலும் வயது வந்தோர்க்கு மட்டுமே உரியதாக வகைப்படுத்த வேண்டும் என்று கோரியது. சாலையில் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மார்களின் கவலையை எளிதாகத் தள்ளிவிட முடியாது.

ஆய்வுகள் சொல்வது என்ன? 2007-இல் வெளியான ஒரு ஜெர்மானிய ஆய்வில், கார்ப் பந்தய ஆட்டம் ஆடிய ஆண்கள், அதை ஆடி முடித்தபின், கணிப்பொறியில் காட்டிய சாலைச் சூழல்களில் அதிகத் துணிச்சல் காட்டினார்கள். 2018-இல் வெளியான மற்றொரு ஜெர்மானிய ஆய்வில், வயது வந்தவர்கள் இரண்டு மாதம் நாள்தோறும் இதே வரிசையின் ஐந்தாம் பகுதியை ஆடினார்கள். அவர்களுடைய மூர்க்கக் குணம் கூடியதாகத் தெரியவில்லை. இவை ஒன்றையொன்று மறுப்பவை போலத் தோன்றலாம். ஆனால் ஒன்று ஆடிய உடனே எழும் துணிச்சலைப் பற்றியது. மற்றது நாளடைவில் மாறும் குணத்தைப் பற்றியது. இரு வேறு கேள்விகளுக்கு இரு வேறு விடைகள் கிடைப்பதில் வியப்பில்லை. வயது வந்தவர்களிடம் கண்ட முடிவைச் சிறுவர்களுக்கு அப்படியே பொருத்தவும் கூடாது.

எதற்கு உண்மை?

2013-இல் ஐந்தாம் பகுதி வந்தபோது கார்கள் மீண்டும் இலேசாயின. இம்முறை குறைப்பட்டவர்கள் நான்காம் பகுதியின் கனத்தை விரும்பியவர்கள்! வாதம் தலைகீழாயிற்று.

2016-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், பிற ஆய்வாளர்களுடன் சேர்ந்து, அந்த ஐந்தாம் பகுதியின் தெருக்காட்சிகளில் ஏறத்தாழ 25,000 படங்களை எடுத்தார்கள். சாலை எது, மனிதர் யார், வாகனம் எது என்று கணிப்பொறிக்குக் கற்பிக்க அவற்றைப் பயன்படுத்தினார்கள். காரின் ஓட்டம் போதிய அளவு உண்மையாக இல்லை என்று ஆடுவோர் சிலர் குறைப்பட்ட அதே ஆட்டம், கண்ணுக்குத் தெரியும் காட்சியில் ஓர் ஆய்வுக்கே போதுமான அளவு உண்மையாக இருந்தது.

உலக உருண்டையில் மலைகளின் உயரம் சரியாக இருப்பதில்லை. ஆனால் நாடுகளின் இடம் அறிய அது போதும். எந்த மாதிரியும் எல்லாவற்றிலும் உண்மையாக இருக்க முடியாது. எதற்காகச் செய்யப்பட்டதோ அதற்கு உண்மையாக இருந்தால் போதும். ஆகவே, "இது உண்மை போலவே இருக்கிறது" என்று யாரேனும் ஓர் ஆட்டத்தைப் பற்றியோ வேறொரு மாதிரியைப் பற்றியோ சொன்னால், "எதில்? யாருக்கு? எதற்காக?" என்று கேளுங்கள்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். திரையில் கம்பத்தில் மோதிய கார் அடுத்த நிமிடமே புதிதாக வந்து நிற்கும். சாலையிலோ டயரின் உராய்வுக்கு உள்ள எல்லையை யாராலும் மாற்ற முடியாது.